விலை உயர்ந்த இயர்போன் தினமும் கேட்பதற்குத் தேவையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் வங்சா மாஜுவில் ரயில் ஏறி கே.எல். சென்ட்ரலில் இறங்குவது என் அன்றாடப் பயணம். போக வர ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அந்த நேரமெல்லாம் காதில் ஏதாவது ஒலித்துக்கொண்டே இருக்கும். பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய பதினைந்து ரிங்கிட் இயர்போனில் தொடங்கி, ஆயிரத்தைத் தாண்டியது வரை பலவற்றை வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டேன். அதனால் அக்கா பிள்ளைகள், அலுவலகத் தோழிகள், தாமானில் பக்கத்து வீட்டுத் தம்பி என்று பலரும் கடைக்குப் போவதற்கு முன் என்னைக் கேட்பார்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரே வரியில் சொல்லுங்கள்: ஆயிரம் ரிங்கிட் கொடுக்கலாமா?

பாட்டு நன்றாகக் கேட்க வேண்டும் என்பதற்காக மட்டும் என்றால் வேண்டாம். தினமும் ரயிலில், பேருந்தில், இரைச்சலான இடத்தில் மணிக்கணக்காக இருப்பவர் என்றால் யோசிக்கலாம். அப்போதும் காசு போவது பாட்டுக்கு இல்லை, சுற்றியிருக்கும் இரைச்சலைக் குறைக்கும் வசதிக்குத்தான். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

விலை கூடக் கூட ஒலியும் நன்றாக இருக்கும்தானே?

நானும் பல வருடம் அப்படித்தான் நம்பினேன். 2017இல் ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களையும் இயர்போன்களையும் அளந்து, அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் எழுதினார். தாழ்ந்த ஒலியிலிருந்து உச்ச ஒலி வரை ஒரு கருவி எதை எவ்வளவு எடுத்துக் கொடுக்கிறது என்பதுதான் அவர் அளந்தது. அதற்கும் கடை விலைக்கும் எந்தத் தொடர்பும் அவருக்குத் தெரியவில்லை.

இதை மிருதங்கத்தை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். இடப்பக்கத் தொப்பியின் கும்மென்ற ஒலியும் வலந்தலையின் கணீர் ஒலியும் கச்சேரியில் எந்த அளவில் கேட்குமோ அந்த அளவில் இயர்போனிலும் கேட்க வேண்டும். தொப்பியை மட்டும் ஊதிப் பெரிதாக்கினால் பாடகரின் குரல் அடியில் போய்விடும். வலந்தலையைத் தூக்கினால் அரை மணி நேரத்தில் காது சலித்துவிடும். இந்தச் சமன் சரியாக அமைவது வடிவமைத்தவரின் கையில் இருக்கிறது. நல்ல கையில் எண்பது ரிங்கிட் இயர்போனிலும் அமைகிறது, இல்லாவிட்டால் எண்ணூறிலும் அமையவில்லை.

அதற்காக விலையே பொருட்டில்லை என்று சொல்ல மாட்டேன். பதினைந்து ரிங்கிட்டிலிருந்து எண்பதுக்குப் போகும்போது வித்தியாசம் யாருக்கும் தெரியும், என் அம்மாவுக்கே தெரிந்தது. எண்பதிலிருந்து முந்நூறுக்குப் போனால், ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகியவருக்குத் தெரியலாம். முந்நூறுக்கு மேல், தினசரி கேட்பதைப் பொறுத்தவரை, எனக்குத் தெரிந்தது ருசி வேறுபாடுதான், தர வேறுபாடு இல்லை.

அப்படியானால் நூறு ரிங்கிட்டுக்குள் எதை வாங்குவது?

கம்பி வைத்தது. கம்பி என்றதும் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள், ஆனால் இந்த விலையில் ஒலிக்கு அதை அடிக்க ஆளில்லை. ப்ளூடூத் இயர்பட்டில் நீங்கள் கொடுக்கும் காசு பேட்டரிக்கும், சிப்புக்கும், சார்ஜ் ஏற்றும் பெட்டிக்கும் பங்கு போகிறது. கம்பியில் முழுக் காசும் ஒலிக்கே போகிறது. மூன்டிராப் நிறுவனத்தின் 'சூ', செவன்ஹெர்ட்ஸின் 'ஜீரோ' போன்ற சீனத் தயாரிப்புகள் 2022 வாக்கில் வந்து இந்த விலை வட்டத்தையே மாற்றின. பத்து வருடத்துக்கு முன் அந்த ஒலிக்குப் பல நூறு ரிங்கிட் கொடுத்தோம்.

கைப்பேசியில் இயர்போன் துளை இல்லையென்றால் சார்ஜர் துளையில் செருகும் சின்ன டோங்கல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஆப்பிள் விற்கும் யு.எஸ்.பி.-சி டோங்கல் அளவில் சிறியது, ஒலியில் குறை சொல்ல எதுவுமில்லை. சில ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் மட்டும் அதன் சத்தம் குறைவாக வரும், வாங்கும்போதே செருகிப் பாருங்கள்.

அக்கா, எல்லாரும் புகழ்ந்ததைத்தான் வாங்கினேன். எனக்கு பேஸே கேட்கவில்லை. ஏமாந்துவிட்டேனா?

என்னிடம் அதிகம் வருவது இந்தக் கேள்விதான். பத்தில் எட்டுப் பேருக்கு நான் சொல்லும் பதில் ஒன்றே: ரப்பரை மாற்று.

காதுக்குள் போகும் இயர்போன் காதின் வாயைக் காற்றுப் புகாமல் அடைத்தால்தான் தாழ்ந்த ஒலி நிற்கும். சிறு இடைவெளி இருந்தாலும் முதலில் ஓடிப்போவது பேஸ்தான். பெட்டியில் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஜோடி ரப்பர் இருக்கும். ஏற்கனவே மாட்டியிருக்கும் நடுத்தரத்தையே போட்டுக்கொண்டு பெரும்பாலோர் மற்ற இரண்டையும் அலமாரியில் எறிந்துவிடுகிறார்கள். ஒருவருக்கே இடக் காதும் வலக் காதும் ஒரே அளவில் இருப்பதில்லை. எனக்கு வலப்பக்கம் நடுத்தரம், இடப்பக்கம் சிறியது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு வருடம் ஆனது. அந்த ஆறு வருடமும் இடப்பக்கம் ஒலி சரியில்லை என்று சொல்லி மூன்று இயர்போன்களை மாற்றியிருக்கிறேன். காசு போனது ஒரு பக்கம், அந்த மூன்றில் ஒன்று உண்மையிலேயே நல்ல பொருள்.

எப்படிச் சோதிப்பது? போட்டுக்கொண்டு வாயை மெல்ல அசைத்துப் பாருங்கள், ஒலி மாறக்கூடாது. உங்கள் குரலே உங்களுக்கு உள்ளே அடைத்தாற்போல் கேட்டால் சரியாக அடைத்திருக்கிறது. போடும்போது இன்னொரு கையால் காது மடலை மேலும் பின்னுமாக லேசாக இழுத்துக்கொண்டால் உள்ளே சரியாக உட்காரும். எந்த ரப்பரும் பொருந்தவில்லையா? நுரை வகை பத்து இருபது ரிங்கிட்டில் கிடைக்கும். சில மாதத்தில் பிய்ந்துபோகும், ஆனாலும் கொடுத்த காசுக்கு இவ்வளவு பலன் தரும் பொருள் இந்தத் துறையில் வேறில்லை என்பேன்.

நாய்ஸ் கேன்சலிங் என்ற இரைச்சல் குறைக்கும் வசதி உண்மையில் வேலை செய்கிறதா?

செய்கிறது. எதற்குச் செய்கிறது, எதற்குச் செய்யாது என்று தெரிந்து வாங்க வேண்டும்.

அமர் போஸ் என்ற எம்.ஐ.டி. பேராசிரியர், வங்காளத் தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்தவர், 1978இல் சூரிக்கிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்துகொண்டிருந்தார். விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே எதையும் ரசிக்க முடியவில்லை. இறங்குவதற்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். அவர் நிறுவனம் 1989இல் விமானிகளுக்கான ஹெட்செட்டைக் கொண்டுவந்தது. நம்மைப் போன்றவர்கள் கடையில் வாங்கக்கூடியது 2000இல் வந்தது. வெளிச்சத்தத்தை ஒரு மைக் கேட்கிறது, அதற்கு நேர் எதிரான அலையை இயர்போன் உண்டாக்குகிறது, இரண்டும் மோதி அடங்குகின்றன.

எஞ்சின், ஏர்கோன், சக்கரம் உருளும் ஓசை போல ஒரே சீராக வரும் தாழ்ந்த ஒலிகளில் இது நன்றாக எடுபடும். குழந்தை அழுகை, பக்கத்து இருக்கைப் பேச்சு, திடீரென்று கீச்சிடும் ஒலி இவற்றில் அவ்வளவாக எடுபடாது. கிளானா ஜெயா தடத்தில் ஆம்பாங் பார்க்கிலிருந்து மஸ்ஜித் ஜாமெக் வரை நிலத்தடியில் போகும்போது இரண்டையும் கேட்கலாம். சுரங்கத்தின் இரைச்சல் பெரும்பகுதி மறைந்துவிடும், வளைவில் தண்டவாளம் கீச்சிடுவது மட்டும் வந்து சேரும். அந்தக் கீச்சலைத் தடுப்பது மின்னணுவின் வேலையை விட நன்றாக அடைத்த ரப்பரின் வேலை.

இருநூறு முந்நூறு ரிங்கிட்டில் இந்த வசதியோடு வருபவை இப்போது நிறைய. ஆயிரம் ரிங்கிட் வகைகள் அவற்றைவிட நன்றாகச் செய்கின்றன என்பதை ரயிலில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து ஒப்புக்கொள்கிறேன். விலைக்கேற்ற வித்தியாசம் எனக்குத் தெளிவாகத் தெரிந்த ஒரே இடம் இதுதான். வீட்டிலும் அமைதியான அலுவலகத்திலும் மட்டும் கேட்பவருக்கு இது தேவையே இல்லை.

சத்தமாகக் கேட்டால் காது போகும் என்கிறார்கள். எவ்வளவு சத்தம் வரை சரி?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் என் சித்தப்பாவை நான் பார்த்து வளர்ந்தேன். மர ஆலையில் இருபத்தேழு வருடம் வேலை செய்தவர். ஐம்பத்தைந்து வயதில், எதிரே உட்கார்ந்து பேசினால்தான் அவருக்குப் புரியும். இரவில் காதுக்குள் சில்வண்டு கத்துகிறது என்பார், கதவைச் சாத்தச் சொல்வார். கதவுக்கு வெளியே ஒன்றும் இருக்காது. அந்த ஒலி கடைசி வரை அவரை விடவில்லை.

உள்காதில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்ச்செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. மலேசியாவில் 2019ஆம் ஆண்டு விதிமுறைப்படி வேலையிடத்தில் ஒரு நாளுக்கான இரைச்சல் வரம்பு, எட்டு மணி நேரக் கணக்கில், 85 டெசிபல். இயர்போனுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது இன்னும் கவனமானது: பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம், 80 டெசிபல். பிள்ளைகளுக்கு 75. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். 83 என்றால் வாரம் இருபது மணி நேரம், 86 என்றால் பத்துதான்.

மலிவான, சரியாக அடைக்காத இயர்போனை ரயிலில் போட்டால் என்ன செய்கிறோம்? ரயில் சத்தத்துக்கு மேலே பாட்டு கேட்கும்வரை ஒலியைக் கூட்டுகிறோம். தினமும், வருடக்கணக்காக. நாய்ஸ் கேன்சலிங் போட்ட முதல் வாரத்திலேயே நான் வைக்கும் ஒலி அளவு முக்கால் கோட்டிலிருந்து பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த ஒரு காரணத்துக்காகத்தான், நீண்ட ரயில் பயணம் செய்பவரிடம் கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்யுங்கள் என்று சொல்லத் துணிகிறேன். பாட்டுக்காக நான் அப்படிச் சொன்னதில்லை.

ஐபோனில் 'ஹெல்த்' செயலி நீங்கள் எத்தனை டெசிபலில் கேட்கிறீர்கள் என்று காட்டும், பொருத்தமான இயர்போன் என்றால் ஓரளவு சரியாகவே காட்டும். ஒருமுறை திறந்து பாருங்கள். காதில் இரைச்சலோ மந்தமோ இரண்டு நாள் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றே போக வேண்டும்.

லாஸ்லெஸ், அதாவது ஒலி எதுவும் இழக்காத பாட்டு கேட்க விலை உயர்ந்த ப்ளூடூத் இயர்பட் வேண்டாமா?

கணக்கைப் பாருங்கள். சி.டி. தர ஒலிக்கு நொடிக்கு 1411 கிலோபிட் வேண்டும். ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைகளில் பெயர்பெற்ற சோனியின் எல்டாக்கூட அதிகபட்சம் 990 தான் அனுப்பும், கூட்டமான ரயிலில் அதுவும் குறைந்துவிடும். ஐபோனில் எல்டாக் கிடையவே கிடையாது, ஏ.ஏ.சி. முறையில்தான் போகும். ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனிலிருந்து கூடுதல் கட்டணமில்லாமல் லாஸ்லெஸ் தருகிறது. ஆனால் வழக்கமான ப்ளூடூத்தில் கேட்டால் வழியிலேயே சுருக்கப்பட்டுத்தான் காதுக்கு வரும். முழுதாக வேண்டுமென்றால் கம்பிக்கே திரும்ப வேண்டும்.

அதற்காக வருந்தவும் வேண்டாம். நல்ல ஏ.ஏ.சி.யையும் லாஸ்லெஸ்ஸையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை, என் தோழிகளாலும் முடியவில்லை. பாட்டு எங்கிருந்து வருகிறது என்பது அதைவிட முக்கியம். நம்மில் பலர் கேட்பது ஐம்பது அறுபதுகளின் பழைய பாடல்கள். அவை ஒற்றைத் தடத்தில் பதிவானவை, பல நேரம் தேய்ந்த இசைத்தட்டிலிருந்து யாரோ எடுத்து யூடியூபில் ஏற்றியவை. அந்தக் கரகரப்பை விலை உயர்ந்த இயர்போன் இன்னும் துல்லியமாகக் காட்டும், அவ்வளவுதான். அதே பாட்டின் முறையான பதிப்பைத் தேடிக் கேட்டுப் பாருங்கள், புது இயர்போன் வாங்கியது போல இருக்கும்.

பெட்டியில் தங்க நிறத்தில் ஹை-ரெஸ் ஸ்டிக்கர் இருக்கிறதே?

அந்த முத்திரைக்கு 40,000 ஹெர்ட்ஸ் வரை ஒலி எழுப்ப வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. இளம் வயதில் மனிதக் காது கேட்பது 20,000 வரை, வயது ஏற ஏற அதுவும் இறங்கும். ஸ்டிக்கருக்காகக் காசு கூட்டிக் கொடுக்காதீர்கள். உள்ளே ஒலி எழுப்பும் பாகங்களை எண்ணி 'ஆறு டிரைவர்', 'எட்டு டிரைவர்' என்று போடுவதற்கும் இதே பதில்தான்.

நூறு மணி நேரம் ஓடவிட்டால் ஒலி திறக்குமாம், உண்மையா?

இயர்போன் மாறுவதைவிட உங்கள் காது அந்த ஒலிக்குப் பழகுவதுதான் அதிகம். முதல் நாளே பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள்.

ப்ளூடூத் இயர்பட் எத்தனை வருடம் உழைக்கும்?

இங்கேதான் எனக்கு மனம் கொதிக்கிறது. பிறந்தநாளுக்கு என்று சேர்த்து வைத்து ஒரு ஜோடி வாங்கினேன், தொள்ளாயிரத்துச் சொச்சம். இரண்டரை வருடத்தில் வலப்பக்கம் நாற்பது நிமிடத்தில் அணைய ஆரம்பித்தது. விற்ற கடைக்குப் போனேன். உத்தரவாதம் முடிந்துவிட்டது, பேட்டரி மாற்ற முடியாது, ஒரு பக்கம் மட்டும் வாங்கினால் முந்நூற்றுச் சொச்சம் என்றார்கள். ஒலி அப்படியே இருந்தது, கீறல்கூட இல்லை. ஒரு துளி பேட்டரிக்காக முழுப் பொருளும் வீண்.

உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஏற்றியதும் தளரும். தினமும் பயன்படுத்துபவருக்கு இரண்டு மூன்று வருடத்தில் அது தெரியும். பெரும்பாலானவற்றில் பேட்டரியை மாற்ற வழியே வைப்பதில்லை. ஆகவே ஆயிரத்து இருநூறு ரிங்கிட் இயர்பட்டை மூன்று வருடத்தால் வகுத்தால் வருடத்துக்கு நானூறு. இந்தக் கணக்குக்குச் சம்மதம் என்றால் வாங்குங்கள். வெயிலில் நிற்கும் காரில் பெட்டியை விட்டுப் போகாதீர்கள், சூடுதான் பேட்டரிக்கு முதல் எதிரி. என் பழைய கம்பி இயர்போன் ஒன்பதாவது வருடத்தில் இருக்கிறது. மூன்று முறை ரப்பரும் ஒருமுறை கம்பியும் மாற்றினேன், மொத்தம் அறுபது ரிங்கிட் ஆகியிருக்கும்.

எங்கே வாங்குவது? லோ யாட்டா, ஷாப்பியா?

காதில் போட்டுப் பார்க்க வேண்டுமென்றால் புக்கிட் பிந்தாங்கில் லோ யாட் பிளாசா. உங்கள் சொந்தக் கைப்பேசி, உங்களுக்கு மனப்பாடமான இரண்டு பாடல்கள், உங்கள் அளவு ரப்பர், இவற்றோடு போங்கள். இரண்டை ஒப்பிடும்போது இரண்டின் சத்தமும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சற்றே சத்தமாக ஒலிப்பது எப்போதும் நல்லதாகத் தோன்றும், அது காதின் இயல்பு.

விலை சந்தேகப்படும்படி குறைந்தால் ஏபி செட்டா, மலேசிய செட்டா என்று வாய் திறந்து கேளுங்கள். ஏபி செட் என்றால் நிறுவனத்தின் உள்ளூர் விநியோகஸ்தர் வழியாக வராமல் தனியாக இறக்குமதியானது; நிறுவனத்தின் உள்ளூர் உத்தரவாதம் இருக்காது, கடைக்காரர் கொடுப்பதுதான். ப்ளூடூத் பொருள் என்றால் தொலைத்தொடர்பு ஆணையத்தின் எம்.சி.எம்.சி. முத்திரை (பலர் சிரிம் முத்திரை என்பது) இருக்கிறதா என்று பெட்டியில் பாருங்கள். பெயர்பெற்ற இயர்பட்களுக்குப் போலிகள் ஏராளம். வரிசை எண்ணைக்கூட நிஜப் பொருளிலிருந்து எடுத்து அச்சடித்துவிடுகிறார்கள். எண் சரியாக வந்தது என்பதால் மட்டும் நம்பிவிடாதீர்கள்.

ரசீதை வைத்திருங்கள். உள்ளூர் கடை கைவிரித்தால் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா என்ற பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ஐந்து ரிங்கிட் கட்டி மனு கொடுக்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை. இது தெரியாமல்தான் பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள்.

நாள் முழுக்கப் போட்டிருந்தால் காது அரிக்கிறது.

நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்த்த காதை மணிக்கணக்காக அடைத்து வைத்தால் பூஞ்சை பிடிக்கலாம். ரப்பரைக் கழற்றி வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். தலைக்குக் குளித்த ஈரத்தோடு போடாதீர்கள். மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் கழற்றி வையுங்கள். அரிப்பு நிற்காவிட்டால் கிளினிக். காதுக்குள் எண்ணெய் ஊற்றாதீர்கள், பஞ்சுக்குச்சியும் விடாதீர்கள்.

மோட்டார் சைக்கிளில் போகும்போது ஒரு காதில் மட்டும் போடலாமா?

வேண்டாம். பின்னால் வரும் லாரியின் ஹாரனைவிட முக்கியமான பாட்டு எதுவுமில்லை.

அம்மாவுக்கு வாங்கிக் கொடுக்க நினைக்கிறேன். எது நல்லது?

முதலில் அவர் எப்போது, எங்கே கேட்கிறார் என்று பாருங்கள். என் அம்மாவுக்கு நான் நல்ல இயர்பட் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். சின்னப் பொருள், விரல் நழுவியது, தொட்டால் பாட்டு நின்றது, ஒன்று சோபாவுக்கு அடியில் போய் இரண்டு நாள் தேடினோம். அவர் கேட்பது காலையில் சமைக்கும்போது மின்னல் எஃப்.எம்., மாலையில் பஜனை. அடுப்பில் குக்கர் விசில் அவர் காதில் விழ வேண்டும், வாசலில் யாராவது கூப்பிட்டால் கேட்க வேண்டும். இயர்பட்டைத் தங்கை எடுத்துக்கொண்டாள். அம்மாவுக்குத் திருகும் குமிழ் வைத்த சின்ன ரேடியோ ஒன்று மஸ்ஜித் இந்தியா பக்கம் எழுபது ரிங்கிட்டுக்கு வாங்கி, மசாலா டப்பாக்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். காலை ஐந்தரைக்கே அது பாட ஆரம்பித்துவிடுகிறது.